திரும்பி வந்த வழி

வேதபாடம்
வாசிக்கவேண்டிய பகுதி: அப்போஸ்தலர் 13:1-3, 14:19-28





ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டிலுள்ள ஒரு மிஷன் மருத்துவமனைக்கு, ஆறு வார ஊழியத்திற்காக, இரண்டு முறை சென்றுவரக் கர்த்தர் எனக்குக் கிருபை செய்தார். உங்கள் ஜெபமும் காணிக்கையுமே என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தன. இதைப்பற்றி எழுதும்படி செய்தி மடலின் பொறுப்பாளர் கேட்டபோது, பயணத்தைப்பற்றி அல்ல, பயணம் முடிந்த விதத்தைப்பற்றி எழுதவே உள்ளத்தில் ஏவப்பட்டேன்.

ஊழியப் பயணம் எப்படித் தொடங்கவேண்டும் என்று நாம் நிறையப் போதிக்கிறோம். அழைப்பு, அர்ப்பணம், கைகளை வைத்து ஜெபித்து அனுப்புதல் இவையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் ஒரு பயணம் எப்படி முடியவேண்டும்? அதற்கும் வேதத்தில் ஒரு பாடம் இருக்கிறது. அதை நான் முதல் தடவை கற்றுக்கொள்ளவில்லை. கற்றுக்கொள்ளாததன் விலையை வேறொரு பிள்ளை கொடுத்தாள்.

கடைசி வியாழக்கிழமை மாலை

முதல் பயணத்தின் கடைசி மாலை. மருத்துவமனைச் சிற்றாலயத்தில் எங்களுக்கு வழியனுப்பு உபசாரம் நடந்தது. மலாவி மக்களுக்குப் பாட வாத்தியம் தேவையில்லை. பயிற்சித் தாதியர் நான்கு குரலாகப் பிரிந்து பாடியபோது கண்கள் நிறைந்தன. அந்த நாட்டுப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் பூப்போட்ட துணி ஒன்றை எங்கள் ஒவ்வொருவருக்கும் பரிசாகத் தந்தார்கள். எங்கள் குழுத் தலைவராகிய டாக்டர் ஐயா எழுந்து ஆறு வாரக் கணக்கை வாசித்தார். அறுவை சிகிச்சைகள் முப்பத்தொன்று. அவற்றில் ஐந்து, அந்தக் கடைசி வாரத்தில் மட்டும் செய்தவை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த ஐந்தும் தீக்காயத்தினால் மடங்கிப்போன கைகள். மலாவியின் கிராமங்களில் தரையிலே மூன்று கல் வைத்து விறகெரித்துச் சமைக்கிறார்கள். நம் ஊர்ப்புறங்களில் நாம் பார்த்து வளர்ந்த அடுப்புதான். தவழும் பிள்ளை அதில் விழுகிறது. வலிப்பு நோயுள்ள பிள்ளை வலிப்பு வரும்போது விழுகிறது. காயம் ஆறும்போது தோல் சுருங்கி முழங்கையை மடக்கி இழுத்துக்கொள்ளும். சுருங்கிய தழும்பை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால் கை நீளும். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. ஒட்டிய தோலும் பல மாதங்கள் சுருங்கப் பார்க்கும். இரவெல்லாம் கையை நீட்டிவைக்கும் சிம்பு கட்டவேண்டும். நாள்தோறும் பலமுறை கையை நீட்டி மடக்கிப் பயிற்சி தரவேண்டும். பிள்ளை வளர வளர சிம்பையும் மாற்றவேண்டும். பிசியோதெரபிப் பிரிவில் இருக்கிற எனக்கு இது பாலபாடம்.

கூட்டம் முடிந்தபின் ஒரு பாட்டியம்மா என்னிடம் வந்தார். பேத்திக்கு ஏழு வயது இருக்கலாம். வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தவள். வலது கையில் நான் செய்து கட்டிய சிம்பு இருந்தது. இந்தியாவிலிருந்து கொண்டுபோன பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, கையின் அளவுக்கு வளைத்துச் செய்தது. பாட்டி சிச்சேவா மொழியில் ஏதோ கேட்டார். அருகிலிருந்த தாதி மொழிபெயர்த்தாள்.

"இதை எத்தனை நாள் போடவேண்டும் என்று கேட்கிறார்கள்."

"இரவுதோறும், ஆறு மாதமாவது" என்றேன்.

பாட்டி யோசித்துவிட்டு மறுபடியும் கேட்டார். "அதற்குள் பிள்ளை வளர்ந்துவிடுவாளே. அப்போது யார் புதியது செய்வார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. கொண்டுபோன தகடு தீர்ந்துபோயிருந்தது. அங்கிருந்த பிசியோதெரபி உதவியாளர் சகோதரருக்கு அதைச் செய்ய நான் கற்றுக்கொடுக்கவும் இல்லை. ஆறு வாரமும் வேலை மும்முரத்தில் ஓடிவிட்டது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து ஜெபித்தேன். மறுநாள் காலை விமானம் ஏறினேன்.

மூன்று மாதம் கழித்து அந்த உதவியாளர் சகோதரர் செய்தி அனுப்பினார். ஐந்து பிள்ளைகளில் இரண்டு பேருடைய கைகள் மறுபடியும் மடங்கிவிட்டன. அவர்களில் ஒருத்தி அந்தப் பேத்தி.

குற்றத்தை டாக்டர் ஐயாவின்மேல் போட நான் இதை எழுதவில்லை. கடைசி வார அட்டவணையை எழுதியவள் நான். "வந்த இடத்தில் இயன்றமட்டும் செய்துவிட்டுப் போவோம்" என்று சொன்னவளும் நான். ஊருக்குத் திரும்பி உங்களிடம் சொல்ல ஒரு நல்ல எண்ணிக்கை வேண்டும் என்ற ஆசை அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. அதைக் கர்த்தர் பின்னால்தான் எனக்குக் காண்பித்தார்.

அந்தச் செய்தி வந்த வாரத்தில் நான் வாசித்த பகுதிதான் அப்போஸ்தலர் 14-ஆம் அதிகாரம். கி.பி. 46-48 வாக்கில் பவுலும் பர்னபாவும் மேற்கொண்ட முதலாம் மிஷனெரிப் பயணம் எப்படி முடிந்தது என்று லூக்கா அங்கே எட்டே வசனங்களில் எழுதுகிறார். அவற்றிலிருந்து நான்கு காரியங்களைத் தியானிப்போம்.

1. வந்த வழியே திரும்பினார்கள் (வச. 21-22)

வேதாகமத்தின் பின்பக்கத்திலுள்ள வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெர்பை பட்டணம் அந்தப் பயணத்தின் கிழக்குக் கோடி. பவுலின் சொந்த ஊராகிய தர்சு அதற்கும் கிழக்கே, மலைத்தொடருக்கு அப்பால் இருக்கிறது. மலைக் கணவாய் வழியாக நடந்தால் சொந்த வீடு. அதையும் கடந்தால் அவர்களை அனுப்பின சபை இருந்த சீரியாவின் அந்தியோகியா. வீடு திரும்ப அதுவே நேர்வழி.

அவர்களோ அந்த வழியாகப் போகவில்லை. வந்த வழியே திரும்பி லீஸ்திரா, இக்கோனியா, பிசீதியாவின் அந்தியோகியா என்ற மூன்று பட்டணங்களுக்கும் மறுபடியும் போனார்கள். அந்தியோகியா அவர்களைத் துரத்திவிட்ட ஊர். இக்கோனியா கல்லெறியத் திட்டமிட்ட ஊர். லீஸ்திராவோ பவுலை உண்மையாகவே கல்லெறிந்து, செத்துப்போனான் என்று எண்ணி வெளியே இழுத்துப் போட்ட ஊர். காயம் ஆறியிருக்குமோ என்னவோ, அதே ஊருக்குத் திரும்பிப் போகிறார்.

ஏன் போனார்கள்? புதிய ஊர்களைப் பிடிக்க அல்ல. ஏற்கெனவே விசுவாசித்தவர்களுடைய மனதைத் திடப்படுத்த. உபத்திரவம் வரும் என்று முன்கூட்டியே சொல்லி, விசுவாசத்தில் நிலைத்திருக்கப் புத்திசொல்ல. பயணத்தின் கடைசிப் பகுதி முழுவதையும் அவர்கள் தொடங்கிவைத்த வேலையைப் பார்ப்பதற்கே கொடுத்தார்கள்.

மருத்துவ ஊழியத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கடைசி நாட்கள் புதிய அறுவை சிகிச்சைக்கு உரியவை அல்ல. கட்டுப் பிரிக்கவும், தையல் எடுக்கவும், காய்ச்சல் வருகிறதா என்று பார்க்கவும், பயிற்சி சொல்லிக்கொடுக்கவும் உரியவை. அறுத்தவர் போய்விட்டபின் சீழ் பிடித்தால் அந்த இரவில் விழித்திருக்கப்போகிறவர் அங்குள்ள தாதி. அவள் தலையில் ஒரு பாரத்தை வைத்துவிட்டு நாம் விமானம் ஏறுகிறோம்.

இரண்டாம் முறை போனபோது, அங்குள்ள கிளினிக்கல் ஆபீசர் சகோதரர் முதல் நாளே ஒரு நிபந்தனை வைத்தார். மூன்று ஆண்டு படிப்பும் ஓர் ஆண்டு பயிற்சியும் முடித்தவர்களை மலாவியில் அப்படி அழைக்கிறார்கள். மருத்துவப் பட்டம் பெற்றவர்கள் மிகக் குறைவாக உள்ள அந்த நாட்டில் சிசேரியன் அறுவை சிகிச்சைகளில் பெரும்பாலானவற்றைச் செய்கிறவர்கள் இவர்கள்தாம். அவர் சொன்னார்: "மடங்கிய கைகளுக்கான அறுவை சிகிச்சையை முதல் பத்து நாளில் முடித்துவிடுவோம். கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக எதையும் தொடவேண்டாம்." சொல்லும்போது சற்றுத் தயங்கினார். தூரத்திலிருந்து செலவு செய்து வந்தவர்களிடம் இப்படிச் சொல்லலாமா என்ற தயக்கம். எங்களுக்கு வெட்கமாக இருந்தது. சென்ற முறையே இதைச் சொல்ல அவருக்கு மனம் இருந்திருக்கும். கேட்க எங்களுக்குக் காது இருக்கவில்லை.

2. மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் (வச. 23)

திரும்பிப் போன ஒவ்வொரு சபையிலும் பவுலும் பர்னபாவும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள். உபவாசித்து ஜெபித்து, அவர்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள். கவனியுங்கள், அந்த மூப்பர்கள் விசுவாசத்திற்கு வந்து வெகுகாலம் ஆகவில்லை. அந்தியோகியாவிலிருந்து அனுபவமுள்ள ஒருவரை அழைத்துவந்து வைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அந்தந்த ஊரிலுள்ளவர்களையே நம்பி, அவர்களிடமே ஊழியத்தைக் கையளித்தார்கள்.

ஊர் திரும்புகையில் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா விமான நிலையத்தில் அடுத்த விமானத்திற்காகப் பல மணி நேரம் காத்திருக்கவேண்டியிருந்தது. அந்தப் பட்டணத்தில் நடந்த ஒரு ஊழியம் அப்போது நினைவுக்கு வந்தது. 1959-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து டாக்டர் கேத்தரின் ஹாம்லினும் நியூசிலாந்தில் பிறந்த அவர் கணவர் டாக்டர் ரெஜினால்டும் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அங்கே வந்தார்கள். பிரசவம் பார்க்கும் தாதியருக்குப் பயிற்சிப் பள்ளி தொடங்குவதே வந்த வேலை. ஆனால் பல நாள் பிரசவ வேதனைப்பட்டு, குழந்தையையும் இழந்து, சிறுநீர்ப்பையில் துளை ஏற்பட்டு, ஓயாமல் சிறுநீர் ஒழுகும் நிலையில் கணவனாலும் ஊராராலும் ஒதுக்கப்பட்ட பெண்கள் அவர்களைத் தேடி வந்தார்கள். மூன்று ஆண்டில் அந்தப் பயணம் முடியவில்லை. 1974-ல் அந்தப் பெண்களுக்கென்றே மருத்துவமனை திறந்தார்கள். ரெஜினால்ட் 1993-லும், கேத்தரின் தமது 96-ஆம் வயதில் 2020-லும் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.

அவர்கள் அங்கே தங்கிவிட்டதைவிட என்னைத் தொட்டது வேறொன்று. மாமிட்டு காஷே என்ற கிராமத்துப் பெண், எழுத்தறிவில்லாதவர், இந்த நோயுடன் சிகிச்சைக்கு வந்தார். குணமானபின் படுக்கை விரிக்கும் வேலை பார்த்தார். பின்பு அறுவை சிகிச்சையின்போது கருவிகளை எடுத்துக்கொடுத்தார். ஹாம்லின் தம்பதியர் அவருக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார்கள். முடிவில் அவரே அந்த அறுவை சிகிச்சையில் தேர்ந்தவராகி, வெளிநாடுகளிலிருந்து வந்த மருத்துவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மூப்பரை ஏற்படுத்துவது என்றால் இதுதான்.

நம் வேலூரிலும் இதே பாடம் உண்டு. கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946-ல் வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநார் மாற்று அறுவை சிகிச்சை செய்து விரல்களை நிமிரச் செய்தார். ஆனால் கை நிமிர்ந்ததும் அந்த மனிதருடைய வாழ்வு நிமிர்ந்துவிடவில்லை. பிச்சையெடுத்தே பிழைத்தவருக்கு, சீரான கையால் அந்தப் பிழைப்பும் போயிற்று. ஆகவே 1950-களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பை ஏற்படுத்தி, அங்கே தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அறுவை சிகிச்சை சில மணி நேரம். அதற்குப் பின்னான உழைப்பு பல மாதம்.

இரண்டாம் பயணத்தில் நான் பிளாஸ்டிக் தகடு கொண்டுபோகவில்லை. அங்கே எப்போதும் கிடைப்பது மாவுக்கட்டுத் துணியும் மூங்கிலும்தான். அவற்றால் சிம்பு செய்ய உதவியாளர் சகோதரரும் நானும் சேர்ந்து பழகினோம். முதலில் செய்தது பாரமாக இருந்தது; இரண்டாவது உடைந்தது. மூங்கிலை எந்தப் பக்கம் பிளந்தால் சிராய் குத்தாது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாது. நாலாவது சரியாக வந்தது. ஒவ்வொரு முறை தவறும்போதும் அவர் சிரித்துக்கொண்டு "பங்ஙோனோ பங்ஙோனோ" என்பார். சிறுகச் சிறுக என்று அர்த்தம்.

அந்தப் பாட்டியும் பேத்தியும் வந்தார்கள். கை ஏறக்குறைய பழைய நிலைக்கே மடங்கியிருந்தது. பாட்டி கோபப்படவில்லை, அது எனக்கு இன்னும் வேதனையாயிருந்தது. சிம்பு சிறிதாகிப்போனதும் துணியால் இறுக்கிக் கட்டிப் பார்த்ததாகவும், அந்த இடம் புண்ணாகிவிட்டதால் விட்டுவிட்டதாகவும் சொன்னார். மருத்துவமனைக்கு வர வாடகைச் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் பணம் இல்லை. நான் அவர் முன் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். தாதி அதை மொழிபெயர்த்தபோது பாட்டி என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். தாதி அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை.

முதல் வாரத்திலேயே அந்தக் கையை மறுபடியும் விடுவித்தார்கள். செய்தவர் கிளினிக்கல் ஆபீசர். எங்கள் டாக்டர் ஐயா எதிரே நின்று உதவினார். வலிப்புக்கு நாள்தோறும் கொடுக்கவேண்டிய மாத்திரையும் தொடங்கப்பட்டது. வலிப்பு நிற்காவிட்டால் அடுப்பு அவளுக்காக மறுபடியும் காத்திருக்குமே! மீதி நான்கு வாரமும், நோயாளிகளோடு வந்து தங்குவோர் வெளியே மக்காச்சோளக் களி கிளறும் கூடத்தில் நான் பாட்டியோடு உட்கார்ந்து, கையை நீட்டும் பயிற்சியைப் பழக்கினேன். கடைசி வாரத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை மட்டும் பார்த்தேன். பாட்டி செய்தார், உதவியாளர் சகோதரர் திருத்தினார்.

3. தேவன் செய்ததை அறிவித்தார்கள் (வச. 26-27)

அத்தலியாவில் கப்பலேறி, தங்களை அனுப்பின அந்தியோகியாவுக்கு வந்து சேர்ந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை, சபையைக் கூடிவரச் செய்ததுதான். தேவன் தங்களைக்கொண்டு செய்தவைகளையும், புறஜாதியாருக்கு விசுவாசத்தின் கதவு திறக்கப்பட்டதையும் அறிவித்தார்கள். அனுப்பினவர்களுக்குக் கணக்கு ஒப்புவிப்பது ஊழியத்தின் ஒரு பகுதி. அந்தக் கணக்கில் செயல்படுகிறவர் தேவன்; பவுலும் பர்னபாவும் அவர் கையிலுள்ள கருவிகள்.

இன்னொன்றையும் பாருங்கள். மாற்கு என்னப்பட்ட யோவான் பெர்கேயிலிருந்து பாதியிலே திரும்பிப் போய்விட்டதும் (13:13), லீஸ்திராவில் ஜனங்கள் இவர்களைத் தெய்வங்கள் என்று எண்ணிப் பலியிட வந்த சங்கடமும், கல்லெறிந்ததும் நமக்கு எழுதப்பட்டிருக்கின்றன. யாரோ ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். அதனால்தான் லூக்காவுக்குத் தெரிந்தது. தோல்வி இல்லாத ஊழிய அறிக்கையை வேதம் எழுதவில்லை.

இரண்டாம் பயணம் முடிந்து எங்கள் சபையில் சாட்சி சொன்னேன். மடங்கிய கைகளுக்கான அறுவை சிகிச்சை இம்முறை ஒன்பது மட்டுமே என்றேன். ஆராதனை முடிந்தபின், வழக்கமாய்த் தாராளமாகக் கொடுக்கும் ஒரு பெரியவர் என்னிடம் வந்து, "போன தடவையைவிடச் செலவு அதிகம். ஆனால் வேலை இவ்வளவு குறைந்துவிட்டதே, அம்மா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவர் பணம், அவர் கேட்கலாம். முதல் பயணத்தின் கடைசி வாரத்தில் செய்த ஐந்தில் இரண்டு கை மடங்கிவிட்டதை அதுவரை நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பின்பு, "பஸ் சார்ஜுக்குத்தானே அவர்களிடம் பணம் இல்லை? அதற்கு எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.

பங்காளர்களே, அந்தக் கேள்வியைக் கர்த்தர் கொடுத்த பதிலாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு அறுவை சிகிச்சைக்காகத் தம் பிள்ளையின் பிறந்தநாளில் காணிக்கை அனுப்புகிறவர்கள் அநேகர். மறுபரிசோதனைக்கு வர ஒரு பாட்டியின் பஸ் கட்டணத்திற்கு அனுப்புகிறவர்கள் கொஞ்சம்பேர். அது சொல்லிக்கொள்ளும்படியான செலவாகத் தோன்றுவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் முந்தைய செலவும் வீண். எண்ணிக்கையைக் கேட்டு எங்களை ஓடவைக்காதிருங்கள். ஆறு மாதம் கழித்து அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். எங்களுக்கு அதுவே பாதுகாப்பு.

அந்தப் பிள்ளையின் படம் இந்த மடலில் இல்லை. படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தால் பாட்டி மறுத்திருக்கமாட்டார். மறுக்கக்கூடிய நிலையில் அவர் இல்லை. அதனாலேயே நான் கேட்கவில்லை.

4. நெடுநாள் தங்கியிருந்தார்கள் (வச. 28)

கடைசி வசனம் மிகச் சிறியது. அவர்கள் அங்கே சீஷரோடு நெடுநாள் தங்கியிருந்தார்கள். பெரிய பயணத்திற்குப் பின் ஒரு நீண்ட, சாதாரணமான காலம்.

தூர தேசத்து ஊழியத்திலிருந்து திரும்புகிறவர்களுக்கு இதுவும் ஒரு சோதனை. கல்யாண விருந்தில் இலையில் மீந்து எறியப்படும் சோற்றைப் பார்த்தால் கோபம் வருகிறது. நம் வார்டில் மின்விசிறி ஓடவில்லை என்று முறையிடுகிறவரிடம் எரிந்துவிழத் தோன்றுகிறது. நம்மை யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற எண்ணம் வருகிறது. அது பரிசுத்தமான கோபம்போலத் தெரியும். பெரும்பாலும் அது பெருமைதான். அப்போஸ்தலர்களும் தங்கள் பழைய சபையிலே, பழைய சகோதரரோடே தங்கியிருந்தார்கள்.

தங்கியிருக்கும் காலம் வீண் காலமும் அல்ல. 1890-ல் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், நோயுற்ற தாயாருக்கு உதவியாக அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தார். சில காலம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவதே அவர் எண்ணம். மிஷனெரியாக அவருக்கு விருப்பமே இல்லை. ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையிலிருந்த தங்கள் மனைவியருக்கு உதவக் கேட்டு வந்தார்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும்; அவரோ மருத்துவர் அல்ல. மூன்று பெண்களும் மரித்துப்போனார்கள். அவர் அந்தக் கேள்வியோடு நாடு திரும்பி, மருத்துவம் படித்து, 1900-ல் மறுபடியும் வந்தார். நியூயார்க்கைச் சேர்ந்த ஷெல் என்ற வங்கியாளர் மறைந்த தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில், 1902-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவமனை எழும்பியது. ஐடா அம்மையார் சிகிச்சை அளிப்பதோடு நிற்கவில்லை. 1909-ல் தாதியர் பயிற்சியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். அவரும் மூப்பர்களை ஏற்படுத்தினார். இன்று நம்மிடமிருந்து ஒருவர் மலாவிக்குப் போக முடிகிறதென்றால், அன்று வேறு தேசத்திலிருந்து வந்த ஒருவர் நம்மிடம் வேலையைக் கையளித்துவிட்டுப் போனதும் அதற்கு ஒரு காரணம்.

ஆகவே பயணம் முடியும்போது நம் கையில் ஒரு கேள்வி மிஞ்சினால், அதை அவசரப்பட்டு மூடிவிடவேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஜெபிப்போம், படிப்போம், ஆயத்தப்படுவோம்.

சென்ற மாதம் உதவியாளர் சகோதரர் எழுதியிருந்தார். அந்தப் பிள்ளைக்கு இரண்டாவது மூங்கில் சிம்பை அவரே செய்து கட்டியிருக்கிறார். கை முழுவதும் நீளவில்லை. முக்கால் பங்குக்குமேல் நீண்டிருக்கிறது. மழைக்காலத்தில் பாதை கெட்டுப்போய் இரண்டு முறை வரமுடியவில்லை. வலிப்பு ஒரு தடவைதான் வந்தது. அப்போது அடுப்பருகே இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவர்கள் அங்கே வேலையை நடத்துகிறார்கள். நாம் போகவேண்டும் என்று அது காத்திருக்கவில்லை.

சிந்திக்கவும் கலந்துரையாடவும்
(குடும்ப ஜெபத்திலும், பெண்கள் ஐக்கியச் சங்கம், வாலிபர் கூட்டம் ஆகியவற்றிலும் பயன்படுத்தலாம்)

1. நேர்வழி இருந்தும் பவுலும் பர்னபாவும் ஏன் வந்த வழியே திரும்பினார்கள்? நாம் தொடங்கி, திரும்பிப் பார்க்காமல் விட்ட ஒரு நல்ல காரியம் உண்டா?

2. நம் சபையிலோ வேலையிலோ, "நான் இல்லாவிட்டால் நடக்காது" என்று நாம் பிடித்துவைத்திருக்கும் பொறுப்பு எது? அதை யாருக்குக் கற்றுக்கொடுக்கலாம்?

3. ஊழியர் ஒருவர் தம் தோல்வியை நம்மிடம் தைரியமாகச் சொல்லும்படி நாம் நடந்துகொள்கிறோமா? எண்ணிக்கை குறைந்தால் நம் காணிக்கையும் குறையுமா?

4. அப்போஸ்தலர் 14:27-ஐ 2 கொரிந்தியர் 11:23-28-உடன் ஒப்பிட்டு வாசியுங்கள். பவுல் தம் ஊழியக் கணக்கில் எவற்றைச் சேர்க்கிறார்?

ஜெபிப்போம்

அன்புள்ள பரமபிதாவே, எங்களை அனுப்புகிறவரும் திரும்ப அழைத்துவருகிறவரும் நீரே. நாங்கள் அவசரத்தில் அரைகுறையாய் விட்டுவந்தவைகளை எங்களுக்கு மன்னியும். எங்களால் வலியடைந்த பிள்ளைகளுக்கு உம்முடைய சுகத்தைத் தாரும். தூர தேசங்களிலும் எங்கள் வார்டுகளிலும், எல்லாரும் போனபின்பும் இரவில் விழித்திருக்கும் தாதியரையும் உதவியாளர்களையும் பெலப்படுத்தும். கொடுக்கிறவர்களுக்குப் பொறுமையையும், போகிறவர்களுக்குத் தாழ்மையையும் தந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், பிதாவே. ஆமென்.